சும்மா இருக்கும் கணினி ஏன் மூச்சு வாங்குகிறது?

2013ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், உலகெங்கும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பலவற்றுக்கு ஒரே மாதிரியான நோய் கண்டது. பொத்தானை அமுக்கியதும் திரை வரும். யாரும் எதையும் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் உள்ளே விசிறி இரைச்சலோடு சுழலும், மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகரும், ஸ்டார்ட் மெனு திறப்பதற்குள் பொறுமை போய்விடும். கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து எல்லாம் தானாக அடங்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கண்ணில் பட்டது ஒரே பெயர்தான்: எஸ்விசிஹோஸ்ட். பிராசஸரின் நேரத்தை 100 சதவீதமும் அது ஒன்றே எடுத்துக்கொண்டிருந்தது.

வைரஸ் என்று சிலர் பயந்தார்கள். பழைய மெஷின், இனி இப்படித்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிட்டார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் அப்டேட். கணினிக்கு எந்தெந்தப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று பார்ப்பது அதன் வேலை. எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளாக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குத் திருத்தம் மேல் திருத்தமாக வந்துகொண்டிருந்தது. புதிதாக வருவது பழையதை ரத்துசெய்துவிட்டு அதன் இடத்தில் உட்காரும். எது எதை ரத்துசெய்தது என்ற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அப்டேட் நிரல் பின்னோக்கிப் போகும். அப்படிப் போகும் வழியில்தான் கோளாறு இருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி கூடினால் தேடும் நேரம் இரண்டு மடங்கானது.

இப்படியொரு இரட்டிப்பு எங்கிருந்து முளைக்கும் என்பதை ஒரு சின்ன மாதிரியில் பார்த்துவிடலாம். முதல் திருத்தத்தைச் சரிபார்க்க ஒரு படி. இரண்டாவதைச் சரிபார்க்க அதற்கு ஒரு படி, அது ரத்துசெய்த முதலாவதற்கு ஒரு படி, ஆக இரண்டு. மூன்றாவது திருத்தம் முந்தைய இரண்டையும் ரத்துசெய்கிறது என்று வைத்துக்கொண்டால், தனக்கு ஒன்று, முதலாவதற்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, ஆக நான்கு. நான்காவதற்கு எட்டு. முதலாவதை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று நிரல் எங்கும் குறித்துவைத்துக்கொள்ளவில்லை. கேட்கும்போதெல்லாம் புதிதாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. பத்தாவது திருத்தத்துக்கு 512 படிகள். இருபதாவதற்கு ஐந்து லட்சத்துச் சொச்சம். முப்பதாவதற்கு 53 கோடிக்கு மேல். நாற்பதாவதற்கு ஏறத்தாழ 55 ஆயிரம் கோடி. உண்மையான நிரலின் படிகள் இந்த மாதிரியிலிருந்து வேறுபடலாம், ஆனால் வளர்ச்சியின் குணம் இதுதான். எக்ஸ்பியின் சங்கிலியும் நாற்பது கண்ணிகள் அளவுக்கு நீண்டிருந்தது.

இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது, இந்தக் கோளாறு எத்தனை ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும் என்பதுதான். சங்கிலி குட்டையாக இருந்தவரை தேடல் கண்ணிமைப்பதற்குள் முடிந்திருக்கும். இன்று ஒரு நொடியில் முடிகிற தேடல், இன்னும் பன்னிரண்டு திருத்தங்கள் சேர்ந்தால் 4,096 நொடி, அதாவது ஒரு மணி எட்டு நிமிடம் ஆகிவிடும். பத்தாண்டுகள் ஒழுங்காக ஓடிய கணினி ஓரிரு ஆண்டுகளுக்குள் படுத்துவிடுகிறது. அதைப் பார்க்கிறவருக்கு வயதாகிவிட்டது என்று தோன்றத்தானே செய்யும்?

மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது 2014 ஜனவரியில். என்றோ ரத்தாகிவிட்ட பழைய திருத்தங்களைத் தன் சர்வர் பட்டியலிலிருந்து நீக்கியது. சங்கிலி குட்டையானது, கணினிகள் பழையபடி அமைதியாயின. யார் வீட்டிலும் யாரும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 8ஆம் தேதி, எக்ஸ்பிக்கான ஆதரவே முடிந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று மாதமும் அந்த மெஷின்கள் கோளாறு வருவதற்கு முன்பிருந்த அதே வேகத்தில்தான் இருந்தன.

பிராசஸருக்கு மூப்பு கிடையாது என்பதை நம்மில் பலர் நம்புவதில்லை. அதன் தாளத்தை நிர்ணயிப்பது போர்டில் பொருத்திய சிறு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு. 2 கிகாஹெர்ட்ஸ் என்று விற்ற சில்லு, பத்தாண்டு கழித்தும் நொடிக்கு 200 கோடி முறை துடிக்கும். விதிவிலக்கு இரண்டு உண்டு. விசிறியில் தூசி அடைத்து, சூடேறினால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தாளத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்கில் சில பகுதிகள் பழுதானால் அவற்றைப் படிக்கத் திரும்பத்திரும்ப முயன்று நேரம் போகும். முதலாவதை ஒரு தூரிகையால் தீர்த்துவிடலாம். இரண்டாவது வந்தால் உடனே கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால், மெஷினிடம் எதுவும் மாறவில்லை, நாம் அதற்குக் கொடுக்கும் வேலைதான் மாறியிருக்கிறது. யார் கொடுக்கும் வேலை, எந்த வாசலில் வரிசை நிற்கிறது என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். வாசல்கள் மூன்றே: பிராசஸர், ராம், டிஸ்க்.

முதல் வாசலைப் பற்றி ஒரு சின்ன விஷயம். சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரே இழையில் ஓடும் நிரல் ஒரு நேரத்தில் பிராசஸரின் ஒரு கோரைத்தான் பிடித்துக்கொள்ள முடியும். ஒற்றை கோர் உள்ள பழைய மெஷினில் அப்படிப்பட்ட நிரல் கிறுக்குப்பிடித்து ஓடினால் 100 என்று காட்டும், மெஷின் உறைந்துவிடும். நான்கு கோர் மெஷினில் அதே கிறுக்கு 25 என்று காட்டும், எட்டுக்கு 12 அல்லது 13. புது மெஷின் வைத்திருப்பவருக்கு விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆகவே நான்கு கோர் மெஷினில் ஒரு நிரல் அசையாமல் 25இலேயே நின்றால், ஒரு கோர் முழுவதையும் அது விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இன்னொரு சிக்கல், குற்றவாளி தன் பெயரில் நிற்பதில்லை. எஸ்விசிஹோஸ்ட் என்பது ஒரு கூரை. அதன் கீழ் விண்டோஸின் பல சேவைகள் ஒன்றாகக் குடியிருக்கும். அப்டேட்டும் அங்கேதான், நெட்வொர்க் வேலைகளும் அங்கேதான். 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து பெரும்பாலான சேவைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள், ஆனால் 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள மெஷின்களில் மட்டும். பிரித்தால் கொஞ்சம் நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்பதால், 2 ஜிபி மெஷின்களில் இன்றும் அவை கூட்டமாகத்தான் இருக்கின்றன. யாருக்குக் குற்றவாளியை உடனே அடையாளம் காண வேண்டியிருக்கிறதோ அவருடைய பழைய மெஷினில்தான் அவன் கூட்டத்தில் மறைந்து நிற்கிறான்.

அந்தக் கூரையைப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல கருவி இருக்கிறது: பிராசஸ் எக்ஸ்ப்ளோரர். மார்க் ருசினோவிச் உருவாக்கியது. அவரும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸை 2006இல் மைக்ரோசாஃப்டே வாங்கிக்கொண்டது; கருவிகள் இன்றும் இலவசம். 2005 அக்டோபரில் ருசினோவிச் தன் கணினியில் ஒளிந்திருந்த ஒரு மென்பொருளைத் தோண்டி எடுத்தார். சோனி பிஎம்ஜியின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டபோது, நகலெடுப்பதைத் தடுக்கவென்று அது கமுக்கமாக உள்ளே புகுந்திருந்தது. ஒளிந்திருந்தது பெரிய சர்ச்சை ஆயிற்று. அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கவனித்த இன்னொரு சிறு விவரம். தட்டு உள்ளே இல்லாதபோதும் அந்த மென்பொருள் இரண்டு நொடிக்கு ஒருமுறை விழித்து, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலின் கோப்பையும் எட்டெட்டு முறை விசாரித்துக்கொண்டிருந்தது. பிராசஸரில் 1 முதல் 2 சதவீதம் அதற்கே போனது. ஒரு நிரல் செய்தால் தெரியாது. பதினைந்து நிரல்கள் ஆளுக்கு 2 சதவீதம் எடுத்தால், பழைய மெஷினில் 30 சதவீதம் காலி.

இனி மூன்றாவது வாசலான டிஸ்க்; இரண்டாவதான ராம் அதோடு சேர்ந்தே வரும். இன்றைய பழைய மெஷின்களின் உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான். அண்மையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி கல்லூரி லேப்டாப்பைக் கொண்டுவந்து "சித்தப்பா, ஒரே ஹேங் ஆகுது" என்றாள். 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 7 சதவீதம், ராம் 91, டிஸ்க் 100. சரி, டிஸ்க் என்ன அவ்வளவு படிக்கிறது என்று பார்த்தால் நொடிக்கு ஒரு எம்பிகூட இல்லை. "100 சதவீதம்னு போட்டிருக்கு, ஆனா ஒரு எம்பிகூட வரலையே, டிஸ்க் போயிடுச்சா?" என்று கேட்டாள். டிஸ்க் போகவில்லை. அந்த 100 என்பது எவ்வளவு தகவல் வந்தது என்பதன் அளவு அல்ல, எவ்வளவு நேரம் டிஸ்க் ஓய்வில்லாமல் இருந்தது என்பதன் அளவு.

லேப்டாப் ஹார்ட் டிஸ்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனையைத் தாங்கும் கை சரியான வளையத்துக்கு நகர ஏறத்தாழ 12 மில்லிநொடி. இரண்டையும் கூட்டினால் பதினேழு, பதினெட்டு. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளைக் கேட்டால், ஒரு நொடியில் ஏறத்தாழ 60 துண்டுகளைத்தான் அது எடுத்துத் தர முடியும். விண்டோஸ் நினைவகத்தைக் கையாளும் துண்டின் அளவு 4 கேபி. அறுபதை நான்கால் பெருக்கினால் நொடிக்கு 240 கேபி. அதே டிஸ்க் ஒரு சினிமாவை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 80, 100 எம்பி தரும். முந்நூறு, நானூறு மடங்கு வித்தியாசம்! அந்த டிஸ்கின் கை ஓயாமல் அலைந்துகொண்டிருக்கிறது, ஆனால் அலைச்சலே வேலையாகிவிட்டது.

ஏன் அலைகிறது? இங்கேதான் ராம் உள்ளே வருகிறது. ராமில் இடம் போதாதபோது, இப்போதைக்கு வேண்டாதவை என்று தோன்றும் பக்கங்களை இயங்குதளம் டிஸ்குக்கு அனுப்பிவிடும். கேட்கும்போது திரும்பக் கொண்டுவரும். 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் டாம் கில்பர்ன் குழுவினர் செயல்படுத்திக் காட்டிய உத்தி இது. அருமையான உத்தி. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ராமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி, டிஸ்கிலிருந்து எடுக்க, அது வேகமான டிஸ்காக இருந்தால்கூட, 10 மில்லிநொடி. அந்த 100 நானோநொடியை ஒரு நொடியாக இழுத்துப் பார்த்தால், டிஸ்குக்குப் போய்வர 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எப்போதாவது ஒருமுறை என்றால் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் என்றால்?

1960களில் பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டிய பெரிய கணினிகளுக்கு இதுதான் நடந்தது. நிரல்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவார்கள், கணினியும் ஈடுகொடுக்கும். ஏதோ ஒரு கட்டத்தில், இன்னும் ஒன்றே ஒன்றைச் சேர்த்ததும் மொத்தமும் சரிந்துவிடும். எம்ஐடியில் ஆய்வு மாணவராக இருந்த பீட்டர் டென்னிங் இதை ஆராய்ந்தார். 1968இல் அவர் வெளியிட்ட விளக்கம் இன்றுவரை நிற்கிறது. எந்த நிரலும் தன் முழு உடம்பையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில்லை. அண்மையில் தொட்ட சில பக்கங்களையே திரும்பத்திரும்பத் தொடுகிறது. இதற்கு அவர் ஒர்க்கிங் செட் என்று பெயர் வைத்தார். ஓடும் நிரல்கள் அனைத்தின் ஒர்க்கிங் செட்டும் ராமில் கொள்ளும்வரை எல்லாம் சுமுகம். கொள்ளாத கணத்திலிருந்து, ஒரு நிரலுக்குப் பக்கம் கொண்டுவர இன்னொன்றின் பக்கத்தை வெளியேற்ற வேண்டும். அடுத்த கணமே அந்த இன்னொன்று தன் பக்கத்தைக் கேட்கும். எல்லோரும் டிஸ்க் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள், பிராசஸர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், பிராசஸர் சும்மா இருப்பதைப் பார்த்த அன்றைய இயங்குதளங்கள், வேலை குறைவாக இருக்கிறது போலும் என்று இன்னொரு நிரலை உள்ளே விட்டன. சரிவு வேகம் பிடித்தது. இதற்குத்தான் த்ராஷிங் என்று பெயர். டென்னிங்கின் கணக்குப்படி மருந்து எளிது: ஒரு நிரலை வெளியே நிறுத்து, மற்றவை அனைத்தும் ஓடும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் பார்த்த 7, 91, 100 என்ற மூன்று எண்கள் இதே காட்சிதான். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்துக்குப் போனால் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்று ஒரு பத்தி இருக்கும். எந்த நிரல் நொடிக்கு எத்தனை முறை பக்கத்துக்காக டிஸ்குக்கு ஓடுகிறது என்று அது காட்டும். பார்க்கப்பார்க்க அங்கே எண்கள் துள்ளிக்கொண்டிருந்தன. இரண்டு ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் இரண்டும் அதைச் சோதித்தன. எப்போதோ வைத்திருந்த பிரின்டரின் உதவி நிரல், போனை இணைக்கும் நிரல், தங்களைப் புதுப்பித்துக்கொள்ளக் காத்திருக்கும் சில நிரல்கள், பிரவுசரில் யார் போட்டது என்றே தெரியாத நீட்சிகள். ஒரு ஆன்டிவைரஸை நீக்கினோம். ஸ்டார்ட்அப் பட்டியலில் வேண்டாதவற்றை நிறுத்தினோம். மறுபடி ஆன் செய்தபோது டிஸ்க் சில நிமிடங்களில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

"ஃபார்மட் போட்டு ஓஎஸ் மாத்திடலாம்" என்பதுதான் நம் ஊர் சர்வீஸ் கடைகளில் பெரும்பாலும் முதல் மருந்து. தற்காலிகமாகப் பலிக்கும், மறுக்க முடியாது. ஆனால் எது தின்றது என்ற சாட்சியம் அதோடு அழிந்துவிடும். அதே மென்பொருள்கள் திரும்ப ஏறும், சில மாதங்களில் அதே புகாரோடு அதே கடைக்குப் போக வேண்டியிருக்கும். அதைவிட மோசம், ராமைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வரும் மென்பொருள்கள். அவற்றில் பல செய்வது இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பக்கங்களை வலுக்கட்டாயமாக ராமிலிருந்து வெளியேற்றிவிட்டு, பாருங்கள், எவ்வளவு காலி என்று ஒரு பச்சைப் பட்டையைக் காட்டும். அடுத்த கிளிக்கில் அந்தப் பக்கங்கள் அனைத்தும் திரும்பி வந்தாக வேண்டும். காலியாகக் கிடக்கும் ராமால் யாருக்கும் பயனில்லை. நல்ல இயங்குதளம் அந்த இடத்தில் அண்மையில் படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும்.

மென்பொருளின் பசி வளர்ந்துகொண்டே போவது பற்றி நிக்லாஸ் விர்த் 1995இலேயே எழுதினார். பாஸ்கல் மொழியை உருவாக்கிய சுவிஸ் அறிஞர். வன்பொருள் வேகம் பெறுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டிருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அந்த ஆண்டு வந்த விண்டோஸ் 95 குறைந்தது 4 எம்பி ராம் கேட்டது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி, அதாவது 1,024 மடங்கு. விர்த்தின் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் கூடிய எடை அனைத்தும் வீண்சதை அல்ல. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. ஒரு பக்கத்தின் நிரல் பக்கத்து டேபின் ரகசியத்தை ஊகித்து எடுக்க வாய்ப்பு உண்டு என்று தெரிந்ததும், குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸில் அடைக்கத் தொடங்கியது. அதற்கு 10 முதல் 13 சதவீதம் ராம் கூடுதலாகச் செலவாகும் என்று கூகுளே சொன்னது. வங்கிக் கணக்கு ஒரு டேபிலும் ஏதோவொரு விளையாட்டுத் தளம் இன்னொரு டேபிலும் திறந்திருப்பவருக்கு அது வேண்டிய செலவுதான். 4 ஜிபி மெஷினில் டேபுகளை எண்ணித் திறப்பது மட்டுமே நாம் செய்யக்கூடியது.

இதெல்லாம் பார்த்தும் போதவில்லையென்றால்தான் பாகத்தை மாற்றும் பேச்சு. அதில் முதலிடம் எஸ்எஸ்டிக்கு. சுழலும் தட்டும் நகரும் கையும் அதில் இல்லை. நொடிக்கு 60 துண்டு என்பது பல ஆயிரமாகிவிடும். தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்கள் பல லட்சம் வீடுகளில் ஹார்ட் டிஸ்கோடு கிடக்கின்றன. அவற்றில் எத்தனையோ இன்னும் பிள்ளைகளுக்குப் பாடம் படிக்கவும் தட்டச்சுப் பழகவும் போதுமானவை. ராம் கூட்டுவதாக இருந்தால், முதலில் ஓடுவது 32 பிட் விண்டோஸா என்று பார்க்க வேண்டும். வீட்டு மெஷின்களுக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் சேர்க்கும் ராமைக் கண்டுகொள்ளாது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பழைய மெஷின்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் பிராசஸரும் இல்லாதவை. அவற்றில் இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றுவது நல்ல வழி, வேலை தெரிந்த யாராவது அரை நாளில் செய்து தந்துவிடுவார்கள். அங்கும் பார்க்க வேண்டிய வாசல்கள் அதே மூன்றுதான். டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் விஎம்ஸ்டாட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு ஒன்று என்று போட்டால், நொடிக்கொரு வரியாக எண்கள் இறங்கும். அதில் எஸ்ஐ, எஸ்ஓ என்று இரண்டு பத்திகள் இருக்கும். டிஸ்கிலிருந்து ராமுக்குத் திரும்பி வரும் பக்கங்கள் ஒன்றில், ராமிலிருந்து டிஸ்குக்குப் போகும் பக்கங்கள் மற்றொன்றில். முதல் வரி மெஷின் ஆன் ஆனதிலிருந்து உள்ள சராசரி. அதை விட்டுவிட்டு அடுத்த வரிகளைப் பார்க்க வேண்டும். இரண்டு பத்திகளும் சுழியத்தில் நின்றால் ராம் போதுகிறது. எண்கள் நிற்காமல் ஓடினால் பிரவுசரில் எதையாவது மூட வேண்டும்.